காய்ந்த மணலில் வழுக்கியவர்

எங்கள் ஊர்க் கால்பந்து அணி நான்கு முறை இறுதியாட்டம் வரை போனது. நான்கு முறையும் தோற்றது. கோப்பை வாங்கிய ஊர்கள் இந்த ஏரியைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள், எந்த வருஷம் யார் கோல் போட்டார் என்று ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. எங்கள் ஊரில் ஒவ்வொரு தோல்வியையும் நிமிஷ வாரியாகச் சொல்ல ஆள் இருக்கிறது. பந்து எந்தக் கம்பத்தில் பட்டது, அப்போது யார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், எந்த நாய் குறுக்கே ஓடியது, எல்லாம் வரும். ஜெயித்தவனுக்குக் கோப்பை, தோற்றவனுக்குக் கதை என்று நான் சொல்வேன். சொன்னால் என் மூத்தார் முறைப்பார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். முதல் இறுதியாட்டத்தில் அவர்தான் கேப்டன்.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது திருப்பாலைவனத்துப் பக்கம், நெல் வயல்களுக்கு நடுவே. கல்யாணத்துக்கு முன் நான் ஒரு கால்பந்து ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டே என் அப்பாவிடம் முதல் தோல்வியைத்தான் சொன்னார்கள். அவர்கள் முகங்களைப் பார்த்த என் அப்பா, வீட்டில் ஏதோ சாவு என்று நினைத்துக்கொண்டார். "எப்ப ஆச்சு? வயசு இன்னா இருக்கும்?" என்று தணிந்த குரலில் கேட்டார். என் மூத்தார் கொஞ்சமும் தயங்காமல், "ரெண்டு வருஷம் ஆச்சு மாமா, இன்னும் ஆறல" என்றார்.

இந்தக் கதைகளுக்கு இடம், தோணித்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் பாயின் டீக்கடை. பாய் பழவேற்காட்டு டவுன்காரர். "எங்க முன்னோருங்க கப்பல்ல சரக்கு ஏத்துனாங்க, நான் கிளாஸ்ல டீ ஏத்துறேன்" என்று சொல்லிக்கொள்வார். காற்று பலமாக அடித்து ஏரியில் இறங்க முடியாத நாட்களில் ஆண்கள் அங்கே கூடுவார்கள். பக்கத்துக் கொட்டகையில் நாங்கள் பெண்கள் நண்டுக்குக் கொடுக்கில் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நடுவில் ஒரு தட்டி. தட்டியில் ஓட்டை உண்டு. எங்களுக்கு எல்லாம் கேட்கும்.

யார் எந்தத் தோல்வியைச் சொல்வது என்பதற்கும் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் ஏரியில் நல்ல இடங்களில் வலை போட முறை உண்டு. இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று ஊர் கூடிப் பிரித்து வைத்திருக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை இறக்கினால் அடிதடிதான். கதை சொல்வதிலும் அதே பாடுதான் நடந்தது. முதல் தோல்வி மூத்தாருடையது. அவர் சொல்லும்போது இன்னொருவர் வாயைத் திறந்தால், "உன் பாடா இது?" என்று கேட்பார்கள். வாய் மூடிவிடும்.

முதல் தோல்வி காற்றால் வந்தது. ஆட்டம் என் அம்மா ஊர்ப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு மைதானத்தில். கோல்கள் கிழக்கிலும் மேற்கிலும் இருந்தன. டாஸ் ஜெயித்த மூத்தார் வானத்தைப் பார்த்தார், ஒரு பிடி மண்ணை எடுத்து மேலே தூவினார், சிரித்துக்கொண்டார். அப்போது அடித்தது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. கரையில் ரெண்டு மணிக்கெல்லாம் கடல் காற்று திரும்பிவிடும். அதனால் முதல் பாதியில் மேற்கே முதுகைக் காட்டிக்கொண்டு ஆடுவது. பாதியில் பக்கம் மாறும்போது காற்றும் கிழக்கிலிருந்து வரும், அதற்கும் முதுகைக் காட்டுவது. இரண்டு பாதியும் காற்று எங்கள் பையன்களின் முதுகில்தான். படகில் பாய்மரம் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் இந்த மூளை வரும்.

முதல் பாதியில் ஒரு கோல் போட்டார்கள். பக்கம் மாறினார்கள். காற்று மாறவில்லை. மூத்தார் ஆட்டத்தைப் பார்க்காமல் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "வரும்டா, வரும்டா" என்று அவர் சொல்லச் சொல்ல எதிரணி மூன்று கோல் போட்டது. கரையில் ரெண்டு மணிக்கு வரும் காற்று வயல்காட்டுக்கு வந்து சேர நாலரை ஆகும். இது என் அம்மா ஊரில் நெல் தூற்றும் பொம்பளை ஒவ்வொருத்திக்கும் தெரியும். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஆனால் அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. சரியாகப் பரிசு கொடுக்கும் நேரத்தில் கடல் காற்று வந்து, ஜெயித்த ஊரின் கொடியைப் படபடவென்று பறக்கவிட்டது. மூத்தார் அந்த இடத்தில் கதையை நிறுத்தி டீயை ஒரே மடக்கில் குடிப்பார்.

மூன்றாவது தோல்வி பாயுடைய பாடு. இரண்டாவதை விட்டு மூன்றாவதுக்கு ஏன் தாவுகிறேன் என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது. அந்த வருஷம் இறுதியாட்டம் ஏரிக்கு அக்கரையில். பஸ்ஸில் சுற்றிப் போகலாம் என்று யாரோ சொன்னதற்கு, ஏரிக்காரன் பஸ்ஸில் போவதா என்று ஊரே சிரித்தது. ஆட்டக்காரர்கள் ஒரு படகு, நாங்கள் இரண்டு படகு. நல்ல கோடை. முகத்துவாரம் மண் அடைத்து ஏரியில் தண்ணீர் வற்றிக்கிடந்தது தெரிந்தும், தெரியாதது போல் கிளம்பினோம். பாதி வழியில் ஆட்டக்காரர்களின் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. பதினொரு பேரும் இறங்கி, முழங்கால் சேற்றில் ஒரு மணி நேரம் படகைத் தள்ளினார்கள். பாய் மட்டும் பிரியாணித் தேக்சாவை மடியில் வைத்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நான் எறங்கியிருந்தா பிரியாணி இன்னாத்துக்கு ஆவும்? யோசிச்சிப் பாருங்க. பசங்க கால்தான் போச்சு, சோறாச்சும் மிஞ்சுச்சே" என்பார் பாய். நான்கு கோலில் தோற்றோம். அதில் ஒன்று நாங்களே எங்களுக்குப் போட்டுக்கொண்டது. களைத்துப்போன எங்கள் பையன் பந்தை வெளியே தள்ளுவதாக நினைத்து உள்ளே தள்ளிவிட்டான். பிரியாணி நன்றாக இருந்தது, அதை நானும் மறுக்க மாட்டேன்.

இனி இரண்டாவது. அது என் வீட்டுக்காரருடைய பாடு. ஆனால் அவர் ஒரு நாளும் அதை எடுத்ததில்லை. பேச்சு அங்கே வந்ததும் டீ கிளாஸை வைத்துவிட்டு, படகைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விடுவார். ஆள் இல்லாத பாடு என்பதால் அதில் ஊரே வலை இறக்கியது.

கதை இதுதான். ஆட்டம் முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஊரில், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் மணல் மைதானம். ஆளுக்கு ஒரு கோல். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எங்களுக்கு பெனால்டி கிடைத்தது. அடிக்கப் போனவர் என் வீட்டுக்காரர். அவர் காலில் பந்து பேசும் என்பார்கள். ஓடி வந்தார், அடித்தார், பந்து நேராகப் போய் கோலியின் கையில் உட்கார்ந்தது. அந்த கோலி அதே பந்தை ஓங்கி உதைக்க, எங்கள் ஆட்கள் திரும்புவதற்குள் அந்தப் பக்கம் கோல். திரும்பும் படகில் எல்லோரும் கேட்டபோது அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "கால் வழுக்கிடுச்சு."

கோடைக்காலம். சொட்டுத் தண்ணீர் இல்லாத காய்ந்த மணல். அதில் எப்படி வழுக்கும்? எங்கள் ஊர் ஏழெட்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. காலடியில் நண்டு வளை இருந்தது, நண்டு சரியாக அந்த நேரம் தலையை நீட்டியது என்பது பாயின் கட்சி. யாரோ வழவழப்பான சொறிமீனை வேண்டுமென்றே மணலில் புதைத்துவைத்தார்கள் என்பது மூத்தாரின் கட்சி. ஒருமுறை மூத்தார் கரையில் காய்ந்த மணலாகப் பார்த்து ஓடி ஓடி வழுக்கிப் பார்த்தார். நான்காவது ஓட்டத்தில் வழுக்காமலே கால் சுளுக்கிக்கொண்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொன்ன கையோடு என் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

அவருக்குக் கால் வழுக்கவில்லை. நடந்தது என்னவென்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், இன்னொருத்தி நான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் பட்ட பாடு பெரிய பாடு. அம்மா ஊரில் நாங்கள் கோயில் பக்கம், குளத்துப் பக்கம் என்போம். இங்கே அதுவும் இல்லை, வலது இடது என்ற பேச்சும் கிடையாது. "குடம் கடலாண்ட கீது", "உப்பு ஏரியாண்ட கீது பாரு" என்பார்கள். அடுப்படிக்குள் நின்றுகொண்டு கடல் எந்தப் பக்கம் என்று நான் முழிப்பேன், உப்பைத் தேடி ஒரு முழுச் சுற்று சுற்றுவேன். என் ஓரகத்தியும் மற்றவர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, சிரிப்புதான். ஆனால் நான் ரோஷக்காரி. வாயைத் திறந்தால்தானே சிரிப்பீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆமாம், இல்லை, சரி. இந்த மூன்றோடு பல மாதம் ஓட்டினேன். தனியாக இருக்கும்போது மட்டும், கதவு கடலாண்ட, உறி ஏரியாண்ட என்று முணுமுணுத்துப் பழகிக்கொண்டேன்.

அந்த ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். பெண்கள் எல்லோரும் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெயில் தாங்கவில்லை. கோலுக்குப் பின்னால் வேலிக்காத்தான் நிழல் இருந்தது, அங்கே போய் நின்றேன். கோலுக்குக் கட்டியிருந்தது ஒரு பழைய மீன் வலை. அதன் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. பெனால்டி அடிக்க என் வீட்டுக்காரர் வந்து நின்றபோது நான் கோலியின் காலைப் பார்த்தேன். அவன் ஏரிப் பக்கம் காலை அழுத்தி ஊன்றியிருந்தான், அந்தப் பக்கம் பாயத்தான் போகிறான் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஆறு மாதமாக மூடியிருந்த வாய் திறந்துகொண்டது.

"கடலாண்ட அடி! கடலாண்ட!" என்று கத்தினேன். கத்தியது மட்டுமில்லாமல் கையையும் கடல் பக்கம் நீட்டினேன்.

தூரத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் நான் கத்தியது கூட்டத்துக்குக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்டிருக்காது, ஆனால் கையைப் பார்த்துவிட்டார். எனக்கு நாலடி முன்னால் நின்ற கோலிக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. அவனும் ஏரிக்காரன்தானே, கடல் எந்தப் பக்கம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பந்துக்கு முன்பே அங்கே பாய்ந்துவிட்டான். என் அம்மா ஊர்ப் பேச்சில் 'கோயில் பக்கம் அடி' என்று நான் கத்தியிருந்தால் அவன் ஒன்றும் புரியாமல் நின்றிருப்பான், நாங்கள் கோப்பையோடு வந்திருப்போம். கஷ்டப்பட்டு இந்த ஊர்ப் பேச்சைப் பழகி, முதல்முறை உரக்கப் பேசியபோதே கோப்பையைத் தொலைத்தவள் நான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே தவளை கத்தியதில் ஊர் கெட்டது.

திரும்பும் படகில் அவர் "கால் வழுக்கிடுச்சு" என்று சொன்னபோது நான் பெண்களோடு மறுமுனையில் இருந்தேன். எழுந்து சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பேசாதது அப்படியே பழகிப்போயிற்று. எங்களுக்குள்கூட நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அவர் சுமந்தார், நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நண்டு கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வெட்கத்தோடு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இந்த வருஷம் எங்கள் அணி மறுபடி இறுதியாட்டத்துக்கு வந்தது. அரையிறுதியில் ஜெயித்த அன்று பாய் எல்லோருக்கும் இலவச டீ கொடுத்தார், அதில் சர்க்கரையும் போட்டிருந்தார். யார் யார் எந்தப் படகு என்று கடையில் பேச்சு நடந்தது. என் வீட்டுக்காரர் முதல் படகில் ஏறுவது வழக்கம். ஆட்டத்தை விட்ட பிறகும் ஒரு ஆட்டம் தவறாமல் போய்க் கோலுக்கு வலை கட்டுவது அவர்தான். அவர் அதைச் சொல்ல வாயெடுத்தபோது மூத்தார் குறுக்கிட்டார்.

"தம்பி, நீ இந்த வாட்டி வராத" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பசங்க பயப்படுறானுங்க. ரெண்டாவது ஆட்டத்துல வழுக்குன. மூணாவது ஆட்டத்துல படகு தட்டுனப்பவும் நீ அதுலதான் இருந்த. உனக்கும் பைனலுக்கும் ராசி இல்லப்பா."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ராசி என்று பார்த்தால் காற்றுக்காக வாயைப் பிளந்து நின்றவருக்கு மட்டும் என்ன ராசி வாழ்கிறது என்று எனக்குத் தட்டியைத் தள்ளிவிட்டுக் கேட்கத் தோன்றியது. அதற்குள் என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

"எனக்கும் அன்னைக்குப் பாடு இருக்குதுண்ணே. நானே வர்றதுக்கு இல்லன்னுதான் சொல்ல வந்தேன்" என்றார்.

அவருடைய பாடு இறுதியாட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து. எனக்குத் தெரியும். யாருடைய பாடு என்றைக்கு என்று எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அவர் சொன்னது பொய் என்று தெரிந்திருந்தது. ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை, டீயை ஊதிக் குடித்தார்கள். மறுநாள் அவர் வாசலில் உட்கார்ந்து, தான் பார்க்கப்போகாத ஆட்டத்துக்கான கோல் வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, ஊர் மேலும் இல்லை, என் மேல்தான்.

கொட்டகைக்கு வந்தும் வேலை ஓடவில்லை, கையில் இருந்த நண்டைக் கூடையில் போட்டுவிட்டு நேராகப் பாய் கடைக்குள் போனேன். பெண்கள் பாத்திரத்தை நீட்டி டீ வாங்கிப் போவோமே தவிர உள்ளே பெஞ்சுக்குப் போகமாட்டோம்.

"இன்னாம்மா தங்கச்சி?" என்றார் பாய்.

"ரெண்டாவது பைனல் கதை நான் சொல்லணும். எனக்கு ஒரு பாடு குடுங்க" என்றேன்.

"பொம்பளைங்களுக்கு ஏதும்மா பாடு?" என்றார் மூத்தார்.

"அது ஏரிக்குச் சட்டம். இது என் கடை" என்றார் பாய். "சொல்லும்மா."

சொன்னேன். நிழலுக்குப் போனதிலிருந்து கை நீட்டியதுவரை ஒன்றையும் விடவில்லை. முதலில் பாய்தான் பேசினார்.

"அப்ப நண்டு இல்லையா?" என்றார். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றம். "எத்தினி வருஷமா சொல்லிக்கினு வரேன். அல்லா, நண்டே இல்லையா?"

அதில்தான் கடை சிரித்தது. மூத்தார் சிரிக்கவில்லை. சுளுக்கிக்கொண்ட காலைத் தடவியபடி, "கால் வழுக்கலயா அவனுக்கு?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். தம்பி முதல் படகில் வருவான். ராசி இல்லாதது யாருக்கு என்று இப்போது தெரிந்துபோனதால், நான் கரையிலேயே இருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். அந்தத் தீர்ப்பில் எனக்கு வேண்டியது முதல் பாதிதான், இரண்டாவது பாதி வந்தால் வரட்டும். வீட்டுக்கு நடக்கும்போது பல வருஷமாகத் தோளில் இருந்த கூடையை இறக்கியது போல இருந்தது.

ஆனால் விஷயம் தெரிந்ததும் அவர் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தது தப்பு. "உன்ன யாரு சொல்லச் சொன்னது?" என்று ஒரே கேள்விதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், வலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் ரோஷக்காரிதானே, விட்டுக்கொடுக்கவில்லை. இறுதியாட்டத்துக்கு முந்தைய நாள்தான் என்னால் தாங்க முடியாமல் வாசலில் போய் நின்றேன்.

"இத்தினி வருஷம் ஏன் சொல்லல நீங்க? பட்டப்பேரு வச்சாங்க, சிரிச்சாங்க, வராதன்னாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

அவர் ஊசியை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே சொன்னார். "நீ வந்து ஆறு மாசம் வாயத் தொறக்கல. எங்க நைனாகூட ஒருநாள் கேட்டாரு, அந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருமான்னு. அன்னைக்குத்தான் மொத மொத கத்துன. அதுவும் எங்க ஊரு பேச்சுல. உன்னாலதான் தோத்தோம்னு ஊருக்குச் சொல்லியிருந்தா மறுபடி நீ வாயத் தொறந்திருப்பியா?"

ஊரில் இன்றைக்கு வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான். மீன் ஏலத்தில் என் குரல் கேட்டால் வியாபாரிகள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்கு அவர் என்ன விலை கொடுத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அழுதேன். அவர் வலையை நகர்த்தி உட்கார இடம் விட்டார்.

இறுதியாட்டத்தன்று காலையில் மூன்று படகுகளும் துறையில் நின்றன. கோல் வலை முதல் படகில் ஏறிவிட்டது, அவர் ஏறவில்லை. மூத்தார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாடா, ஊரே நிக்குது?"

"அவ வரலன்னா நானும் வரலண்ணே."

"ராசிடா..."

"காத்து வரும்னு நின்னது யாரு ராசிண்ணே?" என்றார் என் வீட்டுக்காரர். நான் கேட்க நினைத்த கேள்வி. மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. ஆனா கையக் கட்டிக்கினுதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஆட்டம் முழுக்க நான் கோட்டோரத்தில், ஊர்ப் பெண்களுக்கு நடுவில் நின்றேன். என் ஓரகத்தி என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் தங்கை இடது கையை. மூக்கு அரித்தபோதுகூட ஓரகத்திதான் சொறிந்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவே இல்லை, சத்தியம். அப்படியும் கடைசி நிமிஷத்தில் எங்கள் பையன், எதிரே கோலியே இல்லாத கோலில், மூன்றடி தூரத்திலிருந்து பந்தை வானத்துக்கு அடித்தான். ஒரு கோலில் தோற்றோம். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஓரகத்தி என் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டி, "எங்கிட்டதான் இருந்துச்சு! எங்கிட்டதான்!" என்று கத்தினாள்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே படகில் நெருக்கி ஏறிக்கொண்டோம், எஞ்சின் பழுதான ஒன்றை மூன்றாவது படகு கட்டி இழுத்து வந்தது. பந்தை வானத்துக்கு அடித்த பையன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படகின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்திருந்தான். வெயில் சாய்ந்து ஏரி மஞ்சளாகக் கிடந்தது. நாரைகள் எங்களைக் கண்டுகொள்ளாமல் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன.

அப்போது என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரெண்டாவது பைனல் இருக்குதே" என்று ஆரம்பித்தார். படகில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவர் வாயால் அதை யாரும் கேட்டதில்லை. என்னைவிட நீளமாகச் சொன்னார். நான் எந்த நிறப் புடவை கட்டியிருந்தேன் என்றெல்லாம் சொன்னார், எனக்கே மறந்துபோயிருந்தது. வேலிக்காத்தான் நிழலைச் சொன்னார், கோலியின் முழியைச் சொன்னார். எழுந்து நின்று, நான் கை நீட்டியது போல் நீட்டிக் காட்டினார். படகு ஆடியது. "உக்காருப்பா, உக்காரு" என்று பாய் அலறினார். துண்டுக்குள்ளிருந்து அந்தப் பையன் சிரித்துவிட்டான்.

"அதெல்லாம் சரிடா" என்றார் மூத்தார். "கோலி கேட்டுட்டான்னு உனக்குத் தெரிஞ்சிதா, தெரியலையா?"

"தெரிஞ்சிது. அவன் ஏரியாண்ட வச்ச கால மாத்தி கடலாண்ட வச்சிட்டான். பாத்துட்டேன்."

"அப்புறம் எதுக்குடா அங்கியே அடிச்ச?"

இது எனக்கும் தெரியாத சேதி. அவர் மூத்தாரைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் நடுவிலும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இவ நம்ம வீட்டுக்கு வந்து மொத மொதல்ல ஒண்ணு கேட்டாண்ணே. அடிச்சிட்டேன்."

நான் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஓரகத்தி இன்னும் என் இரண்டு கைகளையும் விடாமல் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.